கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு

ஜப்பானியர் வெளியேறிய பர்மாவின் ரங்கூனில் ஆங்கிலேயர் மீண்டும் வந்திறங்கிய 1945 மே மாதத்திற்கு 2025ஆம் ஆண்டோடு 80 ஆண்டுகள் நிறைந்தன. ரங்கூன் தமிழ்ப் பள்ளியில் ஒன்றாகப் படித்த நம் மலருக்குக் கட்டுரை கேட்டுக் குழுவினர் எழுதியபோது, காலை வழிபாடு, சனிக்கிழமைக் குறள் ஒப்புவித்தல், பின்வாசலில் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் விற்ற பாட்டி என்று நாம் கூடும்போதெல்லாம் பேசிக்கொள்ளும் செய்திகளை விட்டுவிட்டு, நம் கணக்கு வாத்தியாரைப் பற்றி மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தேன். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் அவரோடு இருந்தவர்களில் எனக்குத் தெரிந்த யாரும் இன்று உயிரோடு இல்லை. அவர்கள் வாயால் கேட்ட நாமும் எழுபதைக் கடந்துவிட்டோம்.

எதிர்விகிதம் நடத்திய வாரத்தில் அவர் கரும்பலகையில் எழுதிய ஒரு கணக்கை நம் வகுப்புக்காரர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. ஒரு படை 20 நாளுக்குரிய அரிசியைச் சுமந்துகொண்டு மார்ச் 8ஆம் தேதி புறப்படுகிறது. ஜூலை 5ஆம் தேதி வரை அதே அரிசியைக் கொண்டு காலம் தள்ள வேண்டுமானால், ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு பங்கு கிடைக்கும்? முன்வரிசைப் பையன் ஒருவன் விரல்விட்டு மாதங்களை எண்ணி, 120 நாள், ஆகவே ஆறில் ஒரு பங்கு என்று சொன்னான். "விடை சரி. ஆனால் அந்த ஆறில் ஒன்றும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, வாத்தியார் பலகையைத் துடைத்து அடுத்த கணக்கை எழுதினார்.

அது இம்பால் போரின் கணக்கு என்பது பின்னாளில் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. 1944 மார்ச் மாதத்தில் பர்மாவின் சிந்த்வின் (Chindwin) ஆற்றைக் கடந்த ஜப்பானியப் படை, மூன்று வாரத்திற்குள் இம்பாலைப் பிடித்து ஆங்கிலேயரின் கிடங்குகளிலிருந்தே உண்ணலாம் என்று நம்பிச் சென்றது. அதனோடு சென்ற இந்திய தேசிய இராணுவத்தினரிடம் பீரங்கியும் இல்லை, விமானமும் இல்லை. முற்றுகைக்குள் இருந்த ஆங்கிலேயருக்கு விமானத்தில் உணவு வந்துகொண்டே இருந்தது. முற்றுகை இட்டவர்களுக்கோ, மழை பிடித்தபின் மலைப்பாதைகள் சேறாகி ஒன்றுமே வரவில்லை. மலேரியாவிலும் வயிற்றுக்கடுப்பிலும் பட்டினியிலும் போனவர்கள் குண்டுக்குப் பலியானவர்களைவிட மிகுதி. மணிப்பூரின் மொய்ராங்கில் ஏப்ரல் 14ஆம் தேதி ஏறிய மூவர்ணக் கொடியைப் பற்றி இந்தியப் பள்ளி நூல்கள் சொல்லுகின்றன. அது உரிய பெருமைதான். அங்கிருந்து திரும்பி நடந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதை எனக்குச் சொன்னவர் வாத்தியார் ஒருவரே.

அவர் இம்பாலுக்குப் போகவில்லை. பர்மாவின் மேமியோ என்னும் ஊரில் இருந்த படை மருத்துவமனையில் பணியாளாக இருந்தார். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அங்கே வந்து சேர்ந்தவர்களுக்குக் கஞ்சி ஊட்டுவது அவர் வேலை. பசியால் வற்றிப்போன உடம்புக்கு முதல் நாளே வயிறு நிறையச் சோறு போட்டால் உயிர் போய்விடும் என்பதால், இரண்டு கரண்டி, பிறகு மூன்று கரண்டி என்று அளந்துதான் கொடுக்க வேண்டும். இன்னும் கேட்டுக் கையைப் பிடித்துக்கொள்பவர்களின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு அடுத்த பாய்க்கு நகர வேண்டும். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து வந்திருந்த தமிழ்ப் பெண்கள், குண்டுவீச்சுக்கு நடுவிலும் அந்த நோயாளிகளை விட்டு அகலவில்லை என்று அவர் சொல்லும்போது குரலில் ஒரு நிமிர்வு வரும். மதிய இடைவேளையில் நம் தூக்குச்சட்டிகளை அவர் ஏன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தார் என்பதற்கு நான் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஊரில் இருந்தவர்கள் பட்டதை அம்மா சொல்லக் கேட்டேன். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூன்மீது முதல் குண்டு விழுந்தபோது, ஓடி ஒளிய வேண்டும் என்று தெரியாமல் தெருவில் நின்று விமானங்களை அண்ணாந்து பார்த்தவர்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். பிறகு இந்தியாவை நோக்கி நடை தொடங்கியது. ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர்கள் பர்மாவைவிட்டுப் போனார்கள். வெள்ளையருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழி என்று ஓட்டத்திலும் பிரித்து வைத்தார்கள். என் பெரிய மாமா புரோம் வழியாகத் தௌங்குப் கணவாய்க்குப் போனவர். அந்தப் பாதையில் வாந்திபேதி வாரிக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர் என்றுதான் வீட்டில் எண்ணிக்கொண்டார்கள். சொல்லி அனுப்ப ஆள் வரவில்லை. நடக்க முடியாத மாமியாரை விட்டுப் போக மனமில்லாமல் அம்மா தங்கிவிட்டார். நகரத்தை ஆங்கிலேயர் கைவிட்டதற்கும் 1942 மார்ச் 8ஆம் தேதி ஜப்பானியர் நுழைந்ததற்கும் இடையில் ரங்கூனில் நடந்த கொள்ளையையும் தீவைப்பையும் நினைத்து, சாகும்வரை இரவில் கதவுச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவார்.

நேதாஜி 1944இல் தலைமையிடத்தை ரங்கூனுக்கு மாற்றிக்கொண்டு வந்தபின், ஜூபிலி மண்டபத்துக் கூட்டங்களுக்குத் துறைமுகக் கூலிகளும் வயலாள்களும் கடைக்காரர்களும் குடும்பத்தோடு போனார்கள். அம்மா தம் இரண்டு வளையலையும் கழற்றிக் கொடுத்தார். அதைப் பற்றி அவர் வருந்திப் பேசி நான் கேட்டதில்லை.

போர் நூல்களில் ஓரிரு வரியில் கடந்துவிடுகிற ஒரு பத்து நாளை, அந்தப் படை செய்த செயல்களிலெல்லாம் பெரியதாக நான் கருதுகிறேன். 1945 ஏப்ரல் 24ஆம் தேதி நேதாஜி ரங்கூனைவிட்டுப் புறப்பட்டார். ஜப்பானியரும் போய்விட்டார்கள். ஆங்கிலேயர் மே 3ஆம் தேதிதான் வந்தார்கள். இடையில் நகரத்திற்கு அரசும் இல்லை, போலீசும் இல்லை. 1942 திரும்ப வந்துவிட்டது என்று இந்தியர் தெருக்களில் சட்டிபானைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது மருத்துவரும் தமிழருமான மேஜர் ஜெனரல் லோகநாதன், தம்மிடம் விடப்பட்ட 5,000க்கும் மேற்பட்ட வீரர்களைத் தெருமுனைகளில் நிறுத்திக் கொள்ளையைத் தடுத்தார். வருகிறவர்கள் தங்களைச் சிறைபிடிக்கப் போகிறார்கள் என்பது அந்த வீரர் ஒவ்வொருவருக்கும் தெரியும். சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு லுங்கியோடு கூட்டத்தில் கலந்துவிட யாருக்கும் தடையில்லை. அவர்கள் நின்றார்கள்.

மேமியோவிலிருந்து பின்வாங்கி வந்திருந்த வாத்தியார் எங்கள் தெருமுனையில்தான் காவல் நின்றார். அம்மா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, "தம்பி, வெள்ளைக்காரன் வந்தால் உன்னை என்ன செய்வான்?" என்று கேட்டாராம். "அது பிறகு, அக்கா. இன்றைக்கு ராத்திரி நீங்கள் தூங்குங்கள்" என்றாராம். தூங்கினேன் என்று அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். மே மாதத்தில் அவரை ரங்கூன் சிறையில் அடைத்தார்கள். விசாரித்து, ஊர்க்காரர், கூலியாளின் மகன் என்று கண்டு விடுவித்தார்கள். அதன்பின் அவர் நம் பள்ளிக்கு வந்தார்.

நாம் எட்டாம் வகுப்பில் இருந்தபோது நேதாஜி பிறந்தநாளான ஜனவரி 23ஆம் தேதி ஒருமுறை நடந்த விழாவுக்கு நம்மை வரிசையாக அழைத்துப் போனதை நண்பர்கள் நினைவுகூர்வார்கள். முன்னாள் வீரர்களுக்குச் சால்வை போர்த்துவதாக இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி ஒவ்வொருவரிடமும் சான்று கேட்டார். வாத்தியாரிடம் இல்லை, சிறையில் வாங்கிக்கொண்ட காகிதங்களை யாரும் திருப்பித் தரவில்லை. "காகிதம் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் நில்லுங்கள்" என்றார்கள். நம் எல்லார் கண் முன்னாலும் அவர் தோரணத் தூணின் ஓரமாகப் போய் நின்றார். கடைசியில் "ஜெய் ஹிந்த்" முழங்கியபோது, அங்கேயே குதிகால் சேர்த்து நின்று வணக்கம் செலுத்தினார். பெயர் தெரியாத அந்த அதிகாரிமேல் எனக்குள்ள கோபம் இன்றும் தீரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ரங்கூன் சென்றபோது தௌக்கியான் போர்க் கல்லறைக்குப் போனேன். 6,000க்கும் மேற்பட்ட கல்லறைகள். நடுவில் உள்ள தூண்களில் ஏறத்தாழ 27,000 பெயர்கள். ஆங்கிலேயப் படையில் இறந்த தமிழர்களின் பெயர்களும் அவற்றுள் உள்ளன. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியல் படைப்பிரிவின் வீரர்கள் பாலம் கட்டியும் கண்ணிவெடி அகற்றியும் உயிர்விட்டவர்கள். அவர்களையும் நான் கும்பிட்டேன். வயிற்றுப்பாட்டுக்குப் பட்டாளத்தில் சேர்ந்த நம்மவர்கள் அவர்கள். எதிர்ப்பக்கத்தில் நின்ற நம்மவர்களின் பெயர் அந்தத் தூண்களில் இல்லை.

1964 மார்ச்சில் கடைகளைப் பர்மிய அரசு எடுத்துக்கொண்டது. மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. அப்பா கப்பலுக்குப் பெயர் கொடுத்தார். சென்னை வியாசர்பாடியில் குடிசை போட்டு, படித்து, வேலைக்குப் போய், பிள்ளைகளை ஆளாக்கி, குறையில்லாமல் வாழ்ந்துவிட்டேன். 1972இல் இந்திய அரசு விடுதலை வீரர்களுக்கு ஓய்வூதியம் அறிவித்தபோது வாத்தியாருக்குக் கடிதம் போட்டு, வந்துவிடுங்கள், சான்றுக்கு இங்கே அலைந்து பார்க்கலாம் என்று எழுதினேன். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. பள்ளியை அரசு எடுத்துக்கொண்டுவிட்டதாகவும், மாலையில் கோயில் மண்டபத்தில் தமிழெழுத்தும் வாய்பாடும் சொல்லிக் கொடுப்பதாகவும், முப்பது பிள்ளைகள் வருவதாகவும் எழுதியிருந்தார். "எல்லாரும் போய்விட்டால் இவர்களுக்கு யார் இருக்கிறார்கள், தம்பி?" என்று ஒரு வரி. அந்த மண்டபத்தில் அவருக்குத் துணையாக நம்மில் ஒருவராவது இருந்திருக்கலாம் என்ற நினைப்பு, ஓய்வு பெற்றபின் எனக்கு அடிக்கடி வருகிறது.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளில் அந்தப் படையில் இருந்தவர்கள், 1942இல் நடந்தவர்கள், நடந்து திரும்பாதவர்கள் யாராக இருந்தாலும், பெயரும் ஊரும் தெரிந்த அளவில் எழுதி அனுப்புங்கள். அரைகுறையாக இருந்தாலும் அனுப்புங்கள். அடுத்த மலரில் ஒரு பட்டியலாக அச்சிடக் குழுவினர் இசைந்திருக்கிறார்கள். வாத்தியார் மேமியோவுக்கு முன்னால் எந்த முகாமில் பயிற்சி பெற்றார் என்பது யாருக்காவது தெரிந்திருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.