ஏஜென்டைத் திட்டுவதற்கு முன்

பிரவுசரை இயக்கும் ஏஐ ஏஜென்ட் ஒரே பட்டனை நாலு தடவை கிளிக் செய்துகொண்டிருந்தது, நானும் அதன் மூளையாக இருக்கும் மொழி மாடல்தான் மக்கு என்று திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் பார்த்தால் தப்பு என்னுடையது. கிளிக் டூலுக்கு (கிளிக் செய்ய ஏஜென்ட் அழைக்கும் கருவி) நான் எழுதியிருந்த விளக்கமே 'எலிமென்டைக் கிளிக் செய்யும்', அவ்வளவுதான்; எலிமென்ட் என்றால் பக்கத்தில் இருக்கும் பட்டன், லிங்க் போன்ற ஒரு பகுதி. டூலுக்கு உள்ளே இருக்கும் புரோகிராம் கோடு மாடலுக்குத் தெரியாது. டூலின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல், இவற்றை வைத்துத்தான் அது முடிவெடுக்கும். பக்கம் மாறினால் பழைய எலிமென்ட் எண் செல்லாது, புதிதாக ஸ்னாப்ஷாட் (பக்கத்தில் அப்போது இருக்கும் எலிமென்ட்களின் எண்ணிட்ட பட்டியல்) எடுத்துவிட்டுத்தான் கிளிக் செய்ய வேண்டும், கிளிக் பலிக்கவில்லை என்றால் என்ன பதில் வரும் என்றெல்லாம் சேர்த்து எழுதினேன். 'பக்கத்தைப் படி', 'உரையை எடு' என்று ஒரே வேலைக்கு இரண்டு டூல் வைத்திருந்ததையும் (ஏன் வைத்தேன் என்று எனக்கே நினைவில்லை) ஒன்றாக்கிவிட்டேன். இப்போது ஒரே கிளிக்கில் அடுத்த பக்கத்துக்குப் போகிறது.