ஒரு செம்பனைப் பழமும் பல துறைகளும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த எனக்கு, ஆராய்ச்சி என்றாலே வெள்ளை அங்கியும் கண்ணாடிக் குடுவையும்தான் நினைவுக்கு வரும். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணன் மகள் சென்ற வாரம் வந்தபோது, வீட்டின் பின்புறம் உதிர்ந்து கிடந்த செம்பனை (எண்ணெய்ப் பனை) பழத்தைக் கத்தியால் குறுக்கே வெட்டிக் காட்டினாள். பருப்பைச் சுற்றியுள்ள ஓடு தடித்திருந்தால் டூரா வகை, மெலிந்திருந்தால் தெனெரா வகை. ஓடு மெலிந்தால் சதை கூடும், எண்ணெயும் கூடும் என்பது தோட்டத்தில் பழைய செய்திதான்; ஆனால் அந்தத் தடிப்பைத் தீர்மானிக்கும் ஒற்றை மரபணுவை மலேசிய ஆய்வாளர்கள் அமெரிக்கக் குழுவொன்றுடன் சேர்ந்து கண்டறிந்து, 2013-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அதே மரத்தைப் பூச்சியியலார் வேறு கண்ணால் பார்க்கிறார்கள்: 1981-இல் கேமரூனிலிருந்து வந்த சிறு கூன்வண்டு மகரந்தச் சேர்க்கையை ஏற்றுக்கொண்ட பின், ஆட்கள் கையால் மகரந்தம் தூவிய வேலை ஓய்ந்தது. எலிகளை ஒழிக்கக் கூகைகளுக்குக் கூடு வைப்பதை விலங்கியலார் ஆராய்கிறார்கள். மொழியியலாருக்கோ, இரவுச் சந்தையை மலாயில் 'பசார் மாலாம்' என்றே சொல்லிப் போய்வரும் நம் பேச்சே தரவு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தமிழர்களைப் பற்றிய வாய்மொழி வரலாறு மட்டும் காத்திருக்காது. என் பாட்டியிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு யாரும் வரவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தல்.