ஜூன் மாதக் கட்டணமும் எங்கள் குழுவும்

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பெண்பிள்ளை, ஜூன் மாதம் வீட்டில் காசு புரளாததால் படிப்பை விட்டுவிடுவதை எங்கள் தெருவில் பல வருடம் பார்த்தோம். எங்கள் மகளிர் சுய உதவிக் குழு அதை எப்படிச் சமாளித்தது என்று எழுதினால் மற்ற குழுக்களுக்கும் உதவும். நான் குழுவின் ஊக்குநர், அதாவது குழுவை வழிநடத்துபவள். ஊர் தர்மபுரி மாவட்டம். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-ல் தொடங்கப்பட்டதே இங்கேதான்.

"அதான் அரசாங்கம் மாசம் ஆயிரம் ரூபாய் தருதே" என்பார்கள். 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டம் நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் பிள்ளை கல்லூரியில் சேர்ந்து, கல்லூரி வழியாக விண்ணப்பித்த பிறகுதான் அந்தப் பணம் வரும். சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம், பஸ் செலவு, நாலு துணி எல்லாம் அதற்கு முன்பே வேண்டும். அந்த நேரத்தில்தான் வட்டிக்காரரிடம் போவார்கள். இல்லையென்றால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். அதற்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள்.

எங்கள் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுத்துப் பார்த்தோம், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. ஒரே மாதத்தில் இரண்டு வீட்டில் கேட்டால் அது போதவில்லை. சரி, வங்கிக் கடனுக்குப் போவோம் என்று தீர்மானம் போட்டோம்.

கடன் கொடுக்கும் முன் குழுவைத் தரம் பார்க்கும்போது கேட்பது ஐந்தே விஷயம்: ஒழுங்கான கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை தவறாமை, கணக்குப் புத்தகம். கடைசியாகச் சொன்னதுதான் எங்களைக் காப்பாற்றியது. எங்கள் தீர்மான நோட்டில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. கையெழுத்துப் போடத் தெரியாத இரண்டு அக்காக்கள் இதற்காகவே கற்றுக்கொண்டார்கள்.

அப்படியும் வங்கியில் ஒரு சிக்கல். கடன் வேண்டுமென்றால் சேமிப்பில் பாதியை எடுக்காமல் நிறுத்தி வையுங்கள் என்றார்கள். குழுக்களுக்குப் பத்து லட்சம் வரையான கடனுக்கு ஈடு கேட்கக்கூடாது, சேமிப்புக் கணக்கையும் முடக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எங்களுக்கு இதைச் சொல்லித் தந்தது, குழுக்களுக்குப் பயிற்சி தரும் சமுதாய வளப் பயிற்றுநர். அந்த விதி உள்ள சுற்றறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு, குழுக்களைக் கவனிக்கும் வட்டார ஒருங்கிணைப்பாளரையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் சேர்ந்து போனோம். யாரும் சத்தம் போடவில்லை. நகலை மேசையில் வைத்து, "சார், இதைப் படிச்சுப் பாருங்க" என்றோம். கடன் கிடைத்தது.

வந்த பணம் முழுவதும் படிப்புக்குப் போகவில்லை. மாடு வாங்கியவர்கள், தையல் மெஷின் வாங்கியவர்கள் உண்டு. ஆனால் ஒரு பங்கைக் கல்விக்கென்று முதலிலேயே தனியாக ஒதுக்கினோம். ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கும்வரை அந்த வீடுகளின் தவணையைக் குழுச் சேமிப்பிலிருந்து கட்டினோம். இதற்கு எதிர்ப்பு இருந்தது. "எங்க வீட்டுல படிக்கிற பிள்ளை இல்லையே" என்று கேட்ட அக்காவின் பேத்திதான் இப்போது எங்கள் பட்டியலில் முதல் பெயர்.

சான்றிதழ் வேலையைப் பரீட்சை முடிந்ததுமே தொடங்கிவிடுங்கள். சாதி, வருமானம், இருப்பிடம் எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முதல் பட்டதாரி சான்றிதழுக்குத்தான் கூடுதல் அலைச்சல். வீட்டில் மற்றவர்கள் எதுவரை படித்தார்கள் என்பதற்குக் காகிதம் காட்ட வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று அது படிப்படியாக மேலே போகும். எங்களில் ஒருவர் பிள்ளையின் அம்மாவோடு கட்டாயம் கூடப் போவோம். தனியாகப் போகும் அம்மாக்களை நாளைக்கு வா என்று அனுப்பிவிடுவது சுலபம்.

அப்புறம், பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் மட்டும் போதாது, ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். உதவித்தொகை நின்றுபோன வீடுகளில் நாங்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். 2024 ஆகஸ்டில், பையன்களுக்கும் அதேபோல் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்த பிறகு பையன்களின் காகிதங்களையும் நாங்களே பார்க்கிறோம்.