தமிழ்நாட்டு முகாமிலிருந்து வன்னிக்குத் திரும்புவோர்: எந்தக் கடதாசியை முதலில் எடுப்பது

தமிழ்நாட்டு முகாமில் இருக்கிற அண்ணனோ மச்சாளோ "நாங்கள் வரப்போறம்" என்று போனில் சொன்னதும், வன்னியில் உள்ள உறவுகள் வளவைத் துப்புரவாக்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முதல் பிரதேச செயலகத்துக்கு ஒருக்கால் போய் வாருங்கள். திரும்பி வருகிறவர்களுக்குத் தேவையான பத்திரங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் எடுக்கவேண்டியிருக்கிறது. முகாமில் இருந்துகொண்டு அவற்றை எடுப்பது பெரிய பாடு. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சிக் குடும்பங்களுக்கு இந்த வேலையில் துணைநின்று நாங்கள் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறோம்.

இப்போது அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் 2025 செப்டெம்பர் 1 முதல் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறையில் உள்ளது. 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களின் இடத்தை அது பிடித்தது. கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் நுழைந்தவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை, ஐந்து இலட்சம் இந்திய ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். விசா முடிந்த பிறகும் தங்கியவருக்கு மூன்று ஆண்டு, மூன்று இலட்சம் வரை. சட்டத்தோடு ஒரு விலக்களிப்பு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை தஞ்சம் புகுந்து, பதிவும் செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லை என்ற காரணத்துக்காக இந்தத் தண்டனை இல்லை.

இதில் கவனிக்கவேண்டியது பதிவு. முகாமில் இருப்பவர்களுக்குக் குடும்ப அட்டை இருக்கும். வெளியில் வாடகை வீட்டில் இருப்பவர்கள் அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் பதிந்திருக்கவேண்டும். வீடு மாறும்போது பதிவை மாற்றாமல் விட்டவர்கள் நிறைய. அவர்கள் அதை உடனே சரிசெய்யவேண்டும். 2022இல் பொருளாதார நெருக்கடி நேரம் மன்னாரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் படகேறித் தனுஷ்கோடிக்குப் போனவர்களை இந்த விலக்கு காப்பாற்றாது. அவர்கள் சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனை இல்லாமல் எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்து வைக்கக்கூடாது. விலக்கு உள்ளவர்களுக்கும் அது குடியுரிமையோ விசாவோ ஆகாது. தண்டனை இல்லை, அவ்வளவுதான்.

இனி வன்னியில் செய்யவேண்டியதைப் பார்ப்போம். முதலில் தாய் தகப்பன் இருவரது இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்களின் உறுதிப்படுத்திய பிரதிகளை எடுங்கள். 1960க்குப் பிறகு பதிந்த பிறப்பென்றால் நாட்டின் எந்தப் பிரதேச செயலகத்திலும் விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் இலக்கம் தெரியாவிட்டால் பிறந்த திகதி, பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர் போதும், தேடித் தருவார்கள். ஆனால் வன்னியில் தேடுகை பல தடவை "பதிவு இல்லை" என்று திரும்பிவரும். 2008, 2009 இடப்பெயர்வுகளில் பதிவேடுகள் அழிந்ததும் கலைந்ததும் இதற்குக் காரணம். அந்தப் பதிலோடு மனம் விட்டுவிடாதீர்கள். பதிவேட்டின் இரண்டாம் பிரதி வேறொரு இடத்தில் பேணப்படும் வழக்கம் உண்டு. அதனால் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய ஆவணக் காப்பகத்திலும் தேடச்சொல்லி எழுத்தில் கேளுங்கள். அங்கும் இல்லையென்றால், "பதிவு இல்லை" என்ற அந்த அறிக்கையை எழுத்தில் வாங்கி வையுங்கள். காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு அதுதான் முதற் பத்திரம். அதோடு பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பின் பிரதி, ஞானஸ்நானச் சான்றிதழ், சாதகக் குறிப்பு, பழைய ஆளடையாள அட்டையின் பிரதி, பிறப்பை அறிந்த மூத்தவரின் சத்தியக் கடதாசி என்று கிடைப்பதையெல்லாம் சேர்க்கவேண்டும். சத்தியக் கடதாசி மட்டும் வைத்துப் போனால் வேலை நடப்பது குறைவு. எழுத்தில் உள்ள பழைய சான்று ஒன்றாவது வேண்டும். ஊர்ப் பாடசாலை இயங்கினால் அதிபரிடம் கேட்டுப் பாருங்கள். இடம்பெயர்ந்தபோது இடாப்பைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்த அதிபர்கள் இருக்கிறார்கள். எத்தனையோ குடும்பங்களின் அடையாளம் அவர்களால்தான் மிஞ்சியது.

மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறி, பிறகு இந்தியாவுக்குப் போன குடும்பங்களுக்கு இன்னொரு படி உண்டு. அவர்களுக்கு இலங்கையில் பிறந்த சான்றிதழ் மட்டும் போதாது. தகப்பனோ பாட்டனோ இலங்கைப் பிரஜை என்பதையும் காட்டவேண்டும். இந்திய வம்சாவளியினருக்கான 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்களையும் அவர்களின் வழித்தோன்றல்களையும் பிரஜைகளாக ஏற்றது. போர் காரணமாக இந்தியாவுக்குப் போனவர்களையும் சேர்க்க 2009இல் அது திருத்தப்பட்டது. ஆகவே தோட்டத்துப் பதிவு, பழைய வாக்காளர் இடாப்பு, பாட்டனின் பிரஜாவுரிமைப் பத்திரம் என்று வீட்டுப் பெட்டியில் கிடப்பதை ஒன்றும் எறியவேண்டாம். இந்தப் பிரிவினரின் கோப்புகள்தான் அதிகம் இழுபடுகின்றன. இவர்கள் மற்ற எல்லோருக்கும் முந்தித் தொடங்கவேண்டும்.

அடுத்தது முகாமில் பிறந்த பிள்ளைகள். வேலையில் மிகக் கடினமான பகுதி இதுதான். தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் பிள்ளையை இலங்கைப் பிரஜையாக்காது. இலங்கைக்கு வெளியே பிறந்த பிள்ளையின் பிறப்பைப் பதிந்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின் கீழ் சான்றிதழ் பெறவேண்டும். ஒரு வருடத்துக்குள் பதிவது சட்டத்தின் எதிர்பார்ப்பு. பிந்தினாலும் காரணம் காட்டிப் பதியலாம். 2003க்கு முன் தகப்பன் வழியாக மட்டுமே இந்த உரிமை வந்தது. அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய் இலங்கையர் என்றாலும் போதும். தகப்பன் இந்தியர் என்பதால் பிள்ளைக்கு வழியில்லை என்று நம்பியிருக்கும் தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இந்தப் பதிவைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்திலேயே முடித்துவிட்டு வருவது எல்லா வகையிலும் நல்லது. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பல ஆண்டுகளாக முகாம்களில் இந்த விண்ணப்பங்களை நிரப்ப உதவிவருகிறது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தாய் தகப்பனின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ், முகாம் அட்டை ஆகியவை தேவை. முகாமிலேயே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இப்போது பிள்ளை இருந்தால், முதலில் அவருடைய பிரஜாவுரிமை, அதன் பிறகுதான் பிள்ளையினது. இரண்டு விண்ணப்பத்தையும் ஒன்றாகக் கொடுத்தால் இரண்டாவது அப்படியே கிடக்கும்.

கோப்பு திரும்பிவருவது பெரும்பாலும் பெயரால்தான். ஓர் உதாரணம்: இலங்கைச் சான்றிதழில் தாயின் பெயர் செல்வராணி, தகப்பன் பெயர் கந்தையா. முகாம் பதிவில் அவர் "கே. செல்வராணி". ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தபோது யாரோ "செல்வி" என்று சொல்லிவிட்டார்கள், பிள்ளையின் சான்றிதழில் தாய் பெயர் செல்வி. ஒரே மனிசி, பத்திரத்தில் மூன்று பேர். ஆங்கில எழுத்தில் இன்னும் மோசம்: தொடக்க எழுத்துக்கு எஸ் போட்டதா சி போட்டதா, நடுவில் எச் உண்டா இல்லையா என்பதிலேயே கோப்பு நிற்கும். தாய் தகப்பனின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரையே அளவாக வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதற்கு இசைவாகத் திருத்துங்கள். தமிழ்நாட்டுச் சான்றிதழைத் திருத்தும் அதிகாரம் அங்கே அதைப் பதிந்த அலுவலகத்துக்குத்தான் உண்டு. இங்கே வந்த பிறகு அதைத் திருத்தப் பட்டவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. பிள்ளையின் பெயரே எழுதாமல் பதிந்த சான்றிதழ்களும் இருக்கின்றன. அவற்றில் பெயரைச் சேர்த்துக்கொண்டு வரவேண்டும். சின்ன வேறுபாடு என்றால் "இரு பெயரும் ஒருவரையே குறிக்கும்" என்ற சத்தியக் கடதாசி போதும். பிறந்த திகதி வேறுபட்டால் அது போதாது.

கோயிலில் தாலி கட்டி, பதியாமல் விட்ட கலியாணங்களும் பல. புறப்பட முதல் அங்கேயே பதிந்து சான்றிதழ் எடுங்கள்.

வெளியேறும் அனுமதிக்கு முகாமில் இருப்பவர்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாக விண்ணப்பிப்பார்கள். தமிழ்நாட்டுப் பொலிஸின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் விசாரிக்கும். முடிவடையாத வழக்கு ஏதும் பெயரில் இருந்தால் அனுமதி வராது. பழைய சின்ன வழக்காக இருந்தாலும் முடித்துவிட்டே விண்ணப்பிக்கவேண்டும். கடவுச்சீட்டு இல்லாதவருக்குத் துணை உயர்ஸ்தானிகராலயம் தற்காலிகப் பயணப் பத்திரம் கொடுக்கும். ஐக்கிய நாடுகளின் அகதிகள் முகவரகம் வழியாக வருவதென்றால் அதன் கடிதத்தின் மூலப்பிரதியைக் கைப்பையில் வைத்திருங்கள், பெரிய பெட்டிக்குள் போடவேண்டாம். 2025 மே மாதம் பலாலியில் வந்திறங்கிய முதியவர் ஒருவர், அந்த முகவரகத்தின் ஒழுங்கில் வந்தும், முன்பு நாட்டைவிட்டுப் போன விதத்துக்காகத் தடுத்துவைக்கப்பட்டார். வயது போன ஒருவரை அப்படி நடத்தியது எங்கள் எல்லோர் மனதையும் உடைத்தது. ஆகையால் புறப்பட முதல், அப்போதைய நடைமுறை என்ன என்று முகவரகத்திடமே கேட்டு உறுதிசெய்யுங்கள். வரும் நாளில் உறவினர் ஒருவர் விமான நிலையத்தில் நிற்கட்டும். சட்டத்தரணி ஒருவரின் இலக்கமும் கையில் இருக்கட்டும். படகில் வரவே வேண்டாம். படகில் வந்தால் வழக்கு ஒரு பக்கம், எப்போது எப்படி வந்தார் என்பதற்குப் பத்திரமே இல்லாமல் போவது இன்னொரு பக்கம். பிந்தியதுதான் ஆண்டுக்கணக்கில் துரத்தும்.

வந்து சேர்ந்ததும் கிராம அலுவலரிடம் பதிய வேண்டும். வாக்காளர் இடாப்பு, ஆளடையாள அட்டை எல்லாம் அவருடைய உறுதிப்படுத்தலில் தொடங்கும். பதினைந்து வயது நிரம்பிய பிள்ளைக்கு ஆளடையாள அட்டை எடுக்கும்போது பிரஜாவுரிமைச் சான்றிதழின் மூலப்பிரதி கேட்பார்கள். விண்ணப்பத்தில் பிறந்த திகதியை ஒருவர் வாசிக்க இன்னொருவர் பார்க்கவேண்டும், ஏனென்றால் அட்டை இலக்கமே திகதியிலிருந்துதான் உருவாகிறது. பன்னிரண்டு இலக்கத்தில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூடும். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே எண்ணுவார்கள். 1998 ஜூலை 5இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 1998687 என்று தொடங்கும். நாளையும் மாதத்தையும் மாற்றி மே 7 என்று எழுதினால் 1998628 ஆகிவிடும். இலக்கம் பிழைத்தால் கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு, சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாம் அந்தப் பிழையையே தூக்கிக்கொண்டு போகும். அட்டை கைக்கு வந்தவுடன் அங்கேயே நின்று எண்ணிப் பாருங்கள்.

கடவுச்சீட்டுக்குக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை; வவுனியாவில் குடிவரவு திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் பிரஜாவுரிமை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடம் தந்த மாற்றுச் சான்றிதழை, அதாவது விடுகைப் பத்திரத்தை, கொண்டுபோய்ச் சேருங்கள். பள்ளிக்கூடம் தயங்கினால் வலயக் கல்விப் பணிமனைக்குப் போகலாம்.

முகாம் குடும்ப அட்டையை ஒப்படைக்க முதல், எல்லாப் பக்கத்தையும் நிறப்பிரதி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தத் திகதியில் நாட்டைவிட்டுப் போனார்கள், குடும்பத்தில் யார் யார் என்பதற்கு அதைவிட வலுவான சான்று கிடையாது. வன்னியில் அரச காணி அனுமதிப்பத்திரத்தோடு இருந்த பலருடைய வளவில் இன்று வேறொருவர் குடியிருக்கிறார். காணிக் கிளையில் முதலில் கேட்பது, ஏன் இத்தனை காலம் காணியில் இருக்கவில்லை என்பதைத்தான். அனுமதிப்பத்திரத்தின் பிரதி, முகாம் அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் கடிதம் மூன்றையும் ஒன்றாக இணைத்து, பிரதேச செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோப்பில் ஒட்டி வையுங்கள்.