கோடாக்ரோம் சிவப்பு

நண்பர் வீட்டு பீரோவை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஸ்லைடு, அதாவது சட்டத்தில் பொருத்திய சின்ன ஃபிலிம் படம், கிடைத்தது. அட்டைச் சட்டத்தில் ‘கோடாக்ரோம்’ என்ற எழுத்து. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

அவருடைய பெரியப்பா அமெரிக்காவில் படித்த காலத்தில் எடுத்ததாம். பனியில் சிவப்பு கோட் போட்ட ஒரு பெண். அந்தச் சிவப்பு இம்மியும் மங்கவில்லை!

கோடாக் கம்பெனி 1935-ல் கொண்டுவந்த கலர் ஃபிலிம் இது. கண்டுபிடித்த மேனஸ், கோடோவ்ஸ்கி இருவருமே இசைக்கலைஞர்கள்.

ஃபிலிமுக்குள் சாயமே கிடையாது. எல்லாம் கறுப்பு-வெள்ளை அடுக்குகள்தான். கழுவும்போதுதான் ஒவ்வொரு நிறமாக ஏற்றுவார்கள். அதனால் சாதாரண லேபில் அதைக் கழுவ முடியாது.

டிஜிட்டல் கேமரா வந்தது. இந்த ஃபிலிமை நிறுத்துவதாக 2009 ஜூனில் கோடாக் அறிவித்துவிட்டது.

கடைசியில் இதைக் கழுவ உலகத்துக்கே ஒரே லேப்தான் மிஞ்சியது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்கிற சின்ன ஊரில். 2010 டிசம்பர் 30 வரை வந்து சேர்ந்த ரோல்களை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ஆர்கன்சா மாநிலத்திலிருந்து ஒரு ரயில்வே தொழிலாளி காரில் வந்து 1,580 ரோல்களைக் கழுவி எடுத்துப் போனார். ஏறக்குறைய எல்லாமே ரயில் படங்கள்! அந்த மனிதரை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. எவ்வளவு ஆசையாய்ச் சேர்த்திருப்பார்.

கழுவாமல் விட்ட ரோல்களை இன்று லேபில் கொடுத்தால் கறுப்பு-வெள்ளைதான் கிடைக்கும். நிறம் போனது போனதுதான்.

வீட்டில் பழைய ஸ்லைடு இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அப்புறம் ஸ்கேன் செய்து வையுங்கள்.