ஹோல்டு என்று ஒரு பட்டன்

மெயினை அணைத்துவிட்டுப் வீட்டு ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றும்போது ஒயர்களை போட்டோ எடுத்து வைத்தேன். நல்லவேளை. புதியதிலும் ஆர், டபிள்யூ, ஒய், ஜி என்று அதே எழுத்துகளில் மாட்டினேன். தெர்மோஸ்டாட்டுக்குத் தொடர்ந்து கரண்ட் தரும் சி ஒயர் இல்லை, அதனால் பேட்டரியில் ஓடுகிறது.

மாட்ட அரை மணி நேரம், புரோகிராம் போட ஒரு வாரம்! எழுவது, கிளம்புவது, திரும்புவது, தூங்குவது என்று நாளுக்கு நான்கு நேரம். காலை 6 மணிக்கு 20 டிகிரி வைத்தேன். மறுநாள் எழுந்தால் வீடு ஜில்லென்று கிடந்தது. பார்த்தால் 6 பிஎம். சரி, திருத்தினேன்.

அடுத்த நாளும் அதே குளிர். திரை மூலையில் பொடி எழுத்தில் 'ஹோல்டு'. புழுக்கமாக இருக்கிறதென்று ராத்திரி மனைவி 16-க்கு இறக்கி அழுத்தியிருக்கிறாள். அதை அழுத்திவிட்டால் அப்புறம் புரோகிராமை மதிக்காது. 'ரன்' அழுத்தியதும் 'டிக்' என்றது, கீழே ஹீட்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது.