96 பிபிஎம், 15 ஃப்ரேம், 360 படம்: 45 வினாடி அனிமேஷன் பாட்டு வீடியோ, இதுவரை

நிலவரம்: சரணம் முடிந்தது. பல்லவியில் கோடு முடிந்து வண்ணம் பாதியில் நிற்கிறது. கடைசி 2 பார் (4 பீட் சேர்ந்தது ஒரு பார்) இன்னும் வெறும் கட்டம்தான்.

முழுப் பாட்டையும் எடுக்காமல் 45 வினாடியோடு நிறுத்தியதற்குக் காரணம் கணக்கு. 3 நிமிடப் பாட்டுக்கு, வினாடிக்கு 24 வீதம், 4,320 ஃப்ரேம். இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம் என்று சிக்கனமாக வரைந்தாலும் 2,160 படம். ஒன்றுக்குப் பத்து நிமிடம் வைத்தால் 360 மணி நேரம், அதுவும் வண்ணம் தீட்டாமல். தனி ஆளாகச் செய்பவர்கள் ஒரு சரணம், ஒரு பல்லவியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

வரைவதற்கு முன் பாட்டின் வேகத்தைப் பார்க்க வேண்டும். 1,440-ஐ (ஒரு நிமிடத்தின் ஃப்ரேம்கள், 24 × 60) பிபிஎம்மால், அதாவது நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற எண்ணால், வகுத்தால் ஒரு பீட்டுக்கு எத்தனை ஃப்ரேம் என்று தெரிந்துவிடும். 120 பிபிஎம்முக்கு 12, 90-க்கு 16, 80-க்கு 18. எல்லாம் இரட்டைப்படை, ஆகவே இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம் என்ற ‘டூஸ்’ முறையில் தொல்லை இல்லை. இந்தப் பாட்டு 96. அதாவது பீட்டுக்கு 15 ஃப்ரேம். இங்கேதான் சிக்கல். பீட்டுகள் 0, 15, 30, 45 என்று விழும்போது ஒன்று விட்டு ஒன்று, ஒரு படம் திரையில் இருக்கும்போதே நடுவில் வந்து விழும். ஸ்னேர் ட்ரம் அடிப்பதோ ஒவ்வொரு பாரிலும் 2-ஆவது, 4-ஆவது பீட்டில், கிக் ட்ரம் 1, 3-இல். ஆக கிக் எல்லாம் கச்சிதமாக உட்காரும், ஸ்னேர் அத்தனையும் தவறும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாது. ‘என்னமோ ஒட்டவில்லை’ என்று மட்டும் தோன்றும்.

எனவே மூன்று ஃப்ரேமுக்கு ஒரு படம், ‘த்ரீஸ்’. 15-ஐ மூன்றால் வகுத்தால் 5: ஒரு பீட்டுக்கு 5 படம், வினாடிக்கு 8. 45 வினாடி என்பது 72 பீட், 18 பார், 1,080 ஃப்ரேம், 360 படம். மிச்சமே இல்லாமல் வகுபடுகிறது. வினாடிக்கு 8 படம் கொஞ்சம் கரடுமுரடாகத்தான் ஓடும். கையால் வரைந்த கோட்டுக்கு அது குறையாகத் தெரிவதில்லை.

100 பிபிஎம் போன்ற வேகம் வாய்த்தால் பீட்டுக்கு 14.4 ஃப்ரேம். அதை 14 என்று வைத்துக்கொண்டு கூட்டிக்கொண்டே போகக் கூடாது. பீட்டுக்கு 0.4 வீதம் நழுவி, 60 பீட்டில் முழுதாக ஒரு வினாடி விலகிவிடும். ஒவ்வொரு பீட்டையும் தொடக்கத்திலிருந்து பெருக்கி, பிறகு முழு எண்ணாக்க வேண்டும்: 14, 29, 43, 58, 72. கிளிக் (வேகம் காட்டும் தாள ஒலி) இல்லாமல் கையால் வாசித்துப் பதிந்த பாட்டு என்றால் இந்தக் கணக்கே செல்லாது. ஒவ்வொரு பாரின் தொடக்கத்தையும் அலைவடிவம் பார்த்துக் குறிக்க வேண்டியதுதான்.

ஒலிக்கோப்பு வேவ் வடிவில் இருக்கட்டும். எம்பி3-இல் என்கோடர் தொடக்கத்திலேயே சிறிது வெற்றிடம் சேர்க்கும். அதைக் கழிக்காத மென்பொருளில் பாட்டு அரை ஃப்ரேமோ அதற்கு மேலோ தள்ளிப்போகும். ஒலி வெட்டும் மென்பொருளான ஆடாசிட்டியில் முதல் கிக் தொடங்கும் இடத்தில் வெட்டி அதை 0 ஆக்கிவிட்டால் கணக்கு சுத்தம். அனிமேஷன் மென்பொருள்களில் கிரிட்டாவின் டைம்லைன் 0-இல் தொடங்கும், பிளெண்டரில் 1-இல். இரண்டுக்கும் இடையே வேலை மாறும்போது அந்த ஒரு ஃப்ரேமை மறக்கக் கூடாது. பிராஜெக்ட் வினாடிக்கு 24 ஃப்ரேமா 23.976-ஆ என்பதையும் முதலிலேயே உறுதிசெய்ய வேண்டும். 45 வினாடியில் வித்தியாசம் ஒரு ஃப்ரேம்தான், 3 நிமிடத்தில் நாலுக்கு மேல்.

சரணம் 8 பார், 32 பீட், 20 வினாடி. நாற்காலியில் உட்கார்ந்து பாடும் ஓர் உருவம், அவ்வளவே. எல்லாவற்றையும் முழுதாக வரைந்தால் 160 படம். வரைந்தது 35. சூட்சுமம் சுழற்சிகளின் நீளத்தில் இருக்கிறது. தலையும் தோளும் 2 பீட்டுக்கு ஒருமுறை சுழலும் (10 படம்). கூந்தலும் துப்பட்டாவும் 3 பீட்டுக்கு ஒருமுறை (15 படம்). கண் சிமிட்டல் 7 பீட்டுக்கு ஒருமுறை (3 படம்). வாய்க்குத் தனி அடுக்கில் 7 வடிவம். 2, 3, 7 மூன்றும் மறுபடி ஒன்றாகச் சேர 42 பீட் ஆகும்; சரணமோ 32-இலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே மூன்றும் சேர்ந்த முழுச் சுற்று இரண்டாம் முறை வருவதே இல்லை. எல்லாச் சுழற்சியையும் 4 பீட்டாக வைத்தால் மூன்றாம் சுற்றிலேயே கண் கண்டுபிடித்துவிடும்.

தலையசைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 1920×1080 திரையில் தலை சுமார் 300 பிக்சல் உயரம். பீட் விழும் படத்தில் தலை இயல்பு நிலையிலிருந்து 40 பிக்சல் கீழே. அடுத்த படத்தில் 22, அதற்கடுத்து 8, பிறகு 0. ஐந்தாவது படத்தில் இயல்பை விட 12 பிக்சல் மேலே தூக்கல். அங்கிருந்து அடுத்த பீட்டுக்கு ஒரே தாவலில் 52 பிக்சல் இறக்கம். இறங்குவது ஒரே படத்தில், ஏறுவது நாலு படத்தில். தலையசைப்பின் உயிர் இதுதான். இடைவெளிகளைச் சமமாகப் பிரித்தால் தலை ஆட்டமாக இருக்காது, ஊஞ்சலாகிவிடும். அந்த ஐந்தாவது படத்தின் 12 பிக்சல் தூக்கலை எடுத்துவிட்டால் அடி மழுங்கிப்போகும், கீழே 40-ஐ 60 ஆக்கினாலும் சரியாகாது.

வாயசைப்புக்கு த்ரீஸ் போதாது. அந்த அடுக்கு மட்டும் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர வேண்டும். பாடும்போது பீட்டில் விழுவது உயிரெழுத்து, மெய் அதற்கு முன்பே வந்துவிடும். ‘மா’ என்று பீட்டில் பாடினால், பீட்டுக்கு முந்தைய 2 ஃப்ரேமில் உதடு மூடியிருக்க வேண்டும், பீட்டில் ‘ஆ’ திறக்க வேண்டும். ப, ம இரண்டுக்கும் உதடு மூடுவது ஒரே ஃப்ரேம் என்றால் கண்ணுக்குப் படாது. மற்ற மெய்கள் பலவற்றை விட்டுவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. நீண்டு இழுக்கும் ‘ஆ’வில் வாய் உறைந்து நிற்கக் கூடாது, திறந்த அளவு மெல்லக் குறைந்துகொண்டே வரட்டும்.

பல்லவியில் உருவம் எழுந்து ஆடுகிறது. இது ரோட்டோஸ்கோப்: ஆடுபவரை வீடியோ எடுத்து அதன் மேல் வரைவது. அமெரிக்க அனிமேஷன் கலைஞர் மேக்ஸ் ஃப்ளெய்ஷர் 1915-இல் விண்ணப்பித்து 1917-இல் காப்புரிமை பெற்ற பழைய முறை. 1932-இல் அவருடைய நிறுவனம் எடுத்த பெட்டி பூப் கார்ட்டூன் குறும்படம் ஒன்றில் ஜாஸ் பாடகர் கேப் கேலோவேயின் ஆட்டத்தை இப்படி வரைந்து ஒரு வால்ரஸ் பேய்க்குக் கொடுத்தார்கள். உருவம் கேலோவேயைப் போல இல்லவே இல்லை, ஆட்டம் அச்சு அசல் அவருடையது. ரோட்டோஸ்கோப்பில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஆளின் கோட்டுருவம் அல்ல, கால அளவும் உடல் எடையும்.

படப்பிடிப்பில் வினாடிக்கு 24 ஃப்ரேம், ஷட்டர் 1/250 வினாடி. மெதுவான ஷட்டரில் கை மங்கலாகி, விரல் எங்கே என்று ஊகிக்க வேண்டிவரும். செல்போன் வீடியோவில் ஃப்ரேம் வேகம் சீராக இருக்காது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டுத்தான் தொட வேண்டும். இல்லையென்றால் ஆட்டமும் பாட்டும் போகப்போகப் பிரியும்.

மூன்றாவது ஃப்ரேமை மட்டும் இயந்திரம்போல எடுத்து வரைவதில் ஒரு ஆபத்து. கை உச்சிக்குப் போவது 14-ஆவது ஃப்ரேமில் என்றால் 12-இலும் 15-இலும் அந்த உச்சம் கிடைக்காது, அசைவு சுருங்கிப்போகும். 14-இன் நிலையை எடுத்து 15-இன் இடத்தில் வைக்க வேண்டும். பீட் விழும் படங்களில் மூட்டுகளின் வளைவைப் பத்து, பதினைந்து சதவீதம் கூட்டினால்தான் வீடியோவில் பார்த்த வேகம் கோட்டிலும் வரும். தரையில் ஊன்றிய பாதத்தை ஒவ்வொரு படத்திலும் புதிதாக வரையவே கூடாது. ஊன்றிய முதல் படத்தின் பாதத்தை, கால் தூக்கும் வரை அப்படியே நகலெடுத்து ஒட்ட வேண்டும். இதைச் செய்யாத ரோட்டோஸ்கோப்பில் எல்லோரும் பனிச்சறுக்கு ஆடுவார்கள்.

4 பாருக்கு 80 படம் வரைந்து, அடுத்த 4 பாருக்கு அதே படங்களை இடுப்புக்கு மேல் நெருக்கமாகக் காட்டுவது திட்டம். அதற்காகப் பல்லவியின் கேன்வாஸ் 2880×1620. முழுக்காட்சியில் 4 பிக்சலாகத் தெரியும் கோடு நெருக்கக் காட்சியில் 6 ஆகும். பல்லவி உச்சத்துக்குப் போகும் இடம் என்பதால் அந்தத் தடிப்பு பொருந்தியே வருகிறது. அசையாமல் நிற்கும் பொருள்களுக்கு, மைக், நாற்காலி போன்றவற்றுக்கு, ஒரே வடிவத்தை மூன்று முறை வரைந்து மாற்றி மாற்றிக் காட்டினால் கோடு உயிரோடு துடிக்கும். இரண்டே படம் என்றால் துடிப்பு அல்ல, மினுக்கல். ஆ-ஹா இசைக்குழுவின் 1985 ‘டேக் ஆன் மீ’ பாட்டு வீடியோவில் பென்சில் கோடு இப்படித் துடிப்பதுதான் இன்றும் கண்ணை இழுக்கிறது. பின்னணியை மட்டும் துடிக்க விடவில்லை; எல்லாம் துடித்தால் ஆள் தொலைந்துபோவார்.

இதே காரணத்துக்காகச் சரணத்தில் ட்ரம்ஸுக்கு எந்த உருவமும் கொடுக்கவில்லை. தலை பேஸைப் பின்தொடர்கிறது, வெளிச்சம் அப்படியே நிற்கிறது. ஸ்னேர் கண்ணுக்குத் தெரிவது பல்லவியின் முதல் அடியில்தான். ஹை-ஹாட் தாளத் தட்டுக்கு ஒரு மின்னல், கிக்குக்கு ஒரு குலுக்கல் என்று எல்லா ஒலிக்கும் படியளக்கும் வீடியோக்கள் இருபது வினாடியில் சலித்துவிடுகின்றன. ஹை-ஹாட் மின்னலில் இன்னொரு சங்கடமும் உண்டு: 96 பிபிஎம்மில் அரை பீட்டுக்கு ஒருமுறை என்றால் வினாடிக்கு 3.2. ஒளிவலிப்பு உள்ளவர்களுக்காக வகுத்த எல்லை வினாடிக்கு 3. பீட்டுக்கு ஒருமுறை என்றால் 1.6, அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒத்திசைவை மென்பொருளுக்குள் ஓட்டிப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது, அங்கே ஃப்ரேம்கள் விடுபடும். ரெண்டர் செய்து, அதாவது வீடியோ கோப்பாக்கித்தான் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஒலியை ஒரு ஃப்ரேம், அதாவது சுமார் 42 மில்லிவினாடி, பின்னால் தள்ளினால் அடிகள் இன்னும் இறுக்கமாகத் தெரிகின்றன. ஒலி படத்துக்கு முந்தினால் 45 மில்லிவினாடியிலேயே காது கண்டுபிடிக்கும், பிந்தினால் 125 வரை பொறுத்துக்கொள்ளும். தவறுவதானால் அந்தப் பக்கமே தவறட்டும்.

அடுத்து இருப்பது பல்லவியின் மீதி வண்ணமும் கடைசி 2 பாரும். அந்த 120 ஃப்ரேமில் ட்ரம்ஸ் நின்று குரல் மட்டும் தேய்ந்து அடங்குகிறது. பீட்டே இல்லாத இடத்தில் 5 படக் கணக்கு வேண்டியதில்லை. 6 ஃப்ரேமுக்கு ஒரு படம் என்று 20 படத்தில் முடிப்பதா, சரணத்தின் நாற்காலிச் சுழற்சியையே மெதுவாக்கி வைப்பதா என்று இரண்டையும் ரெண்டர் செய்து பார்க்க வேண்டும்.